இடது கைக் கச்சேரி

அன்புள்ளவருக்கு,

சித்தூர் வந்ததும் எழுதுவதாகச் சொன்னேன், நாளாகிவிட்டது. அப்பா நலம். நான் பயிற்சி செய்வதற்காக நெல் மூட்டை அறையைக் காலி செய்து, ஏசி மாட்டி, சென்னையிலிருந்து லாரியில் ஒரு பியானோவை வரவழைத்திருக்கிறார். வியன்னா மேடையில் வாசித்த மகள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்.

காலையில் கதவுக்கு வெளியே உட்கார்ந்து கேட்பார். நான் எழுந்து போக முடியாது. பியானோக் கட்டையைத் தொட்டாலே என் வலது கையின் கடைசி இரண்டு விரல்கள் உள்ளே மடங்கிக்கொள்வது உங்களுக்குத் தெரியும்; அவருக்குத் தெரியாது. அதனால் இடது கைக்கென்றே எழுதப்பட்ட இசைக்கோவைகளை மட்டும் வாசித்து வந்தேன்.

"இப்பெல்லாம் மெதுவா வாசிக்கறே கண்ணு. அதும் நல்லாத்தான் இருக்குது" என்பார்.

போன வாரம், கல்லூரி அரங்கில் என் கச்சேரி என்று ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டிவிட்டார். என்னைக் கேட்கவில்லை. அன்று மாலை அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, வலது கையால் வாசித்துக் காட்டினேன். விரல்கள் மடங்கின. அப்பா அவற்றை ஒவ்வொன்றாக நீவி விரித்துக் கட்டைமேல் வைத்தார். மறுபடி மடங்கின.

கச்சேரியை நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன்.

"இடது கையே போதுங் கண்ணு. இங்க ஆருக்குத் தெரியப்போவுது?" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

நாளை மாலை கச்சேரி. வாசிப்பேன்.

யாருக்கும் தெரியாது என்றுதான் நீங்களும் சொன்னீர்கள், அடுத்த ஆண்டு மேடைகளுக்கெல்லாம் என்னைக் கேட்காமலே சம்மதம் கொடுத்த அன்று. அந்தப் பேச்சைத் தாங்க முடியாமல்தான் அப்பா வீட்டுக்கு வந்தேன். இங்கிருந்து எங்கே போவது?

இப்படிக்கு,
உங்கள் மனைவி