செப்புத் தவலைத் தண்ணீர்

டீச்சர்,

இன்று காலை ஏழாம் வகுப்பு ஜன்னலில் உடைந்திருந்த கண்ணாடியை மாற்ற ஆசாரி வந்திருந்தார். சுண்ணாம்புப் பொடியில் ஆளிவிதை எண்ணெய் விட்டுப் பிசைந்த மக்கை உள்ளங்கையில் திரித்துத் திரித்துச் சட்டத்தில் அழுத்திக்கொண்டிருந்தார். அந்த வாசனை வராந்தா முழுக்க நின்றது. மணி அடித்து, பெண்கள் வகுப்புக்குள் போன பிறகும் நான் அங்கேயே நின்றிருக்கிறேன். ஆசாரி திரும்பிப் பார்த்து, "என்னம்மா, வேலை சரியில்லீங்களா?" என்று கேட்டார். நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நீங்கள் கண்ணை மூடி மூன்று மாதம் ஆகிறது. உங்கள் பெண்ணின் கடிதம் வந்த அன்று அவளுக்கு நாலு வரி பதில் எழுதினேன். உங்களுக்கு எழுதலாம் என்று அப்போது தோன்றவில்லை. இன்றைக்கு அந்த எண்ணெய் வாசனை, நீங்கள் எங்கள் வீட்டுக்கு மீன்தொட்டி கொண்டுவந்த நாளை அப்படியே முன்னால் வைத்துவிட்டது.

ஐம்பதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்தாறு வயது. கல்யாணமான இரண்டாம் வருஷமே அவர் டைபாய்டில் போய்விட, ஸ்ரீரங்கத்தில் அப்பாவிடம் திரும்பி வந்திருந்தேன். கோயிலில் பிரபந்தம் சேவிக்கிற அப்பா, உறவுக்காரர்கள் முணுமுணுத்தும் கேட்காமல் என்னை டீச்சர் டிரெயினிங்குக்கு அனுப்பினார். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான்: அப்பா, நான், அப்பாவின் அக்காவான அத்தை. அத்தை பதினாலு வயதில் தாலியை இழந்தவள். எங்கள் வீட்டில் புதிதாக எதைத் தொடங்கினாலும் அத்தையோ நானோ கை வைக்க மாட்டோம். துளசி நடவேண்டுமானாலும், வடாம் பிழியவேண்டுமானாலும், முதல் கைக்குப் பக்கத்து ஆத்து மாமியைக் கூப்பிடுவோம். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நாங்களே ஒதுங்கிக்கொள்வோம்.

நான் தமிழ் டீச்சராகச் சேர்ந்த பள்ளிக்கூடத்தில் நீங்கள் சயன்ஸ் டீச்சர். வையம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம். எடமலைப்பட்டி புதூரில் வீட்டுக்காரரோடும் குழந்தையோடும் இருந்தீர்கள். என்னைவிட நாலைந்து வயதுதான் பெரியவர். ஆனாலும் நாம் கடைசிவரை ஒருவரை ஒருவர் 'டீச்சர்' என்றேதான் கூப்பிட்டுக்கொண்டோம். ஒரு சனிக்கிழமை விடைத்தாள் திருத்த உங்கள் வீட்டுக்கு வந்தேன். கூடத்து மூலையில் இருந்த கண்ணாடித் தொட்டியில் சின்னச் சின்ன மீன்கள் வாலை விசிறிக்கொண்டு சுற்றின. நீங்கள் காபி போட்டு எடுத்துவந்தபோது ஒரு தாள்கூடத் திருத்தாமல் தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

"உங்களுக்கும் ஒண்ணு செய்யச் சொல்றேன் டீச்சர்" என்றீர்கள். வேண்டாம் என்று நான் சொன்னது உங்கள் காதில் விழவே இல்லை.

உங்கள் வீட்டுக்காரர் தன் சிநேகிதரிடம் சொல்லி இரும்புச் சட்டம் செய்து, கண்ணாடி பதித்து, மக்கு பூசி வாங்கிவந்தார். அதை ஒரு ஜமக்காளத்தில் சுற்றிக் குதிரை வண்டியில் வைத்துக்கொண்டு நீங்களே காவிரிப் பாலம் தாண்டி வந்தீர்கள். வாசலில் அப்பா. மீன் என்றதும் அப்பா என்ன சொல்வாரோ என்று நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். அவர் தொட்டியைச் சுற்றிவந்து பார்த்தார்.

"பெருமாள் முதல்முதல்ல எடுத்த அவதாரமே மத்ஸ்யம்தானே. மீன் ஆத்துல இருக்கலாம், தோஷமில்லே" என்றார்.

உங்கள் முகம் விழுந்துவிட்டது. "சரிங்கய்யா" என்று சொல்லி, தொட்டியைத் திரும்ப வண்டியில் ஏற்றக் குனிந்தீர்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏன் எடுத்துண்டு போறேள்?" என்றேன்.

"அய்யாதான் மீன் ஆத்துல இருக்கட்டும்னு சொல்லிட்டாரே. ஆத்துல இருக்கிறதுதாங்க அதுக்கும் நல்லது."

அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. "ஆத்துலேன்னா எங்க பாஷையில வீட்டுலம்மா. காவேரியைச் சொல்லலே" என்று அவரே ஒரு பக்கம் பிடித்து உள்ளே தூக்கி வந்தார். தளிகை நடக்கிற சமையல்கட்டுப் பக்கம் மட்டும் வேண்டாம் என்பதுதான் அவருடைய ஒரே நிபந்தனை.

முதல் பத்து நாள் மீனே கிடையாது என்றீர்கள். மக்கின் எண்ணெய் இறங்கும்வரை தண்ணீரை நிரப்புவதும் கொட்டுவதுமாகக் கழிந்தது. ஆற்று மணலை ஏழெட்டுத் தடவை அலசினோம். கலங்கல் போனால் போதும் என்று நான் நினைத்தேன். "இன்னும் ஒரு தடவைங்க" என்று நீங்கள் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். வெயில் நேராக விழாமல் வெளிச்சம் மட்டும் வருகிற ஜன்னலோரம் தொட்டியை வைத்து, வாய்க்காலில் இருந்து கொண்டுவந்த வேலம்பாசியை மணலில் ஊன்றினீர்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டு கப்பி மீன்களை மூடி போட்ட தூக்கில் கொண்டுவந்தீர்கள். தூக்கைத் தொட்டிக்குள் கொஞ்ச நேரம் மிதக்கவிட்டு, இரண்டு தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகுதான் சாய்த்தீர்கள்.

"இதெல்லாம் நீங்க குழம்பு வைக்கிற ஜாதியோ?" என்று அத்தை கதவோரத்தில் நின்று கேட்டாள்.

"இல்லீங்கம்மா, இது எட்டையும் போட்டாலும் ஒரு கரண்டிக்கு ஆகாது" என்றீர்கள். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் சிரித்தாள் என்பது தோள் குலுங்கியதில் தெரிந்தது.

அந்த மீன்களை நான் எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்று உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டால் பஸ்ஸுக்கு ஓடுவேன். மூன்று வாரம் கழித்து, தொட்டியில் கால் பங்கு தண்ணீரை மாற்ற வேண்டிய நாள் வந்தது. அதுவரை மாற்றியதெல்லாம் நீங்கள்தான். இந்தத் தடவை நானே செய்கிறேன் என்றேன். மறுநாள் ஏகாதசி. பெருமாளுக்குத் தீர்த்தம் சேர்க்கிற செப்புத் தவலையை அத்தை புளி போட்டுப் பளபளவென்று தேய்த்து, தண்ணீர் நிரப்பி வைத்திருந்தாள். வீட்டில் அதைவிடச் சுத்தமான தண்ணீர் கிடையாது. அத்தையிடம் கெஞ்சி, இரவு முழுக்க அதில் இருந்த தண்ணீரை விடிந்ததும் சொம்பு சொம்பாகத் தொட்டியில் விட்டேன். என் மீன்களுக்கு நல்லதாகத்தான் கொடுக்கவேண்டும் என்று இருந்தது.

சாயங்காலம் நான் வந்தபோது எட்டும் மிதந்தன.

அத்தை திட்டவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "விடு கொழந்தே. நம்ம கை அப்படி" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். என் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னாள். அந்த 'நம்ம' என்கிற சொல் என்னை என்ன செய்தது என்று உங்களிடம்கூட அப்போது சொல்லவில்லை. அவர் டைபாய்டு ஜுரத்தில் கிடந்தபோது கஞ்சி ஊட்டியதும் இந்தக் கைதான்.

ஒரு வாரம் உங்களைத் தவிர்த்தேன். கடைசியில் ஸ்டாஃப் ரூமில் நீங்கள் தனியாக இருந்த நேரம் பார்த்து, "தொட்டியை எடுத்துண்டு போயிடுங்கோ டீச்சர். என் கை ராசியில்லாத கை. எது தொட்டாலும் தங்காது" என்றேன். அழக்கூடாது என்று மேஜையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் சாக்பீஸ் ஒட்டியிருந்த விரலைத் துடைத்துக்கொண்டு, "எந்தத் தண்ணி ஊத்துனீங்க?" என்றீர்கள். சொன்னேன். "எந்தப் பாத்திரம்?" அதையும் சொன்னேன். "புளி போட்டுத் தேச்சதா?" ஆமாம் என்றேன்.

"ஞாயித்துக்கிழமை வரேன். சனிக்கிழமை ராத்திரி அந்தத் தவலையை அதே மாதிரி தேச்சு ரொப்பி வையுங்க. ஒரு மண்பானையிலயும் தண்ணி பிடிச்சு வையுங்க" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டீர்கள்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கெல்லாம் வந்துவிட்டீர்கள். ஊறுகாய் ஜாடி அளவில் இரண்டு கண்ணாடி ஜாடிகள், தூக்கில் நாலு மீன்கள். அத்தையையும் கூப்பிட்டு உட்காரவைத்தீர்கள். உங்கள் நெற்றியில் குங்குமம், தலையில் கனகாம்பரம், கை நிறைய வளையல்.

"அம்மா, என் கை ராசியான கைதானே?" என்று அத்தையைக் கேட்டீர்கள்.

"உனக்கென்ன, மகராசி" என்றாள் அத்தை.

செப்புத் தவலைத் தண்ணீரை ஒரு ஜாடியில் நீங்கள் ஊற்றினீர்கள். பிறகு மண்பானைப் பக்கம் கையைக் காட்டி, "இதை நீங்க ஊத்துங்க டீச்சர். உங்க கையாலதான் ஊத்தணும்" என்றீர்கள். நான் தயங்கினேன். சொம்பை எடுத்து என் கையில் திணித்தீர்கள். ஜாடிக்கு இரண்டு மீனாக விட்டீர்கள். பிறகு கூடத்திலேயே உட்கார்ந்து மூன்று பேருமாகப் பயற்றங்காய் நறுக்கினோம்.

பத்து மணிவாக்கில் உங்கள் ஜாடி மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. பதினொன்றுக்கு அதில் ஒன்று பக்கவாட்டில் சரிந்தது. என் ஜாடி மீன்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. நீங்கள் சட்டென்று எழுந்து, சரிந்த மீனையும் மற்றதையும் வலைத்துணியால் அள்ளி மண்பானைத் தண்ணீரில் விட்டீர்கள். "பாவம், இதுக்கு மேல சோதிக்கக் கூடாது" என்றீர்கள். இரண்டும் பிழைத்துக்கொண்டன.

"செம்பு தண்ணியில இறங்கும்மா. புளி போட்டுத் தேச்சா இன்னும் அதிகமா இறங்கும். நமக்கு ஒண்ணும் செய்யாது. மீனுக்கு அது விஷம். கிணத்துப் பாசிக்கு மயில்துத்தம் போடுறோமே, அதுவும் செம்புதான். அது விழுந்தா மீனும் செத்துப்போகும்." இவ்வளவும் அத்தையைப் பார்த்துச் சொன்னீர்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "பாத்திரம்தாங்க காரணம். உங்க கை இல்ல" என்றீர்கள்.

நான் அழுதேன். வருஷக்கணக்காக அழாமல் வைத்திருந்தது எல்லாம் வந்தது. நீங்கள் நறுக்கிய காயைத் தட்டோடு தள்ளி வைத்துவிட்டு என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தீர்கள்.

அத்தை அந்த இரண்டு ஜாடிகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது அறுபது தாண்டியிருந்தது. குரலைத் தாழ்த்தி உங்களிடம் கேட்டாள்: "அப்போ நான் ஊத்தினாலும் ஒண்ணும் ஆகாதோ?"

"ஊத்தித்தான் பாருங்களேன்" என்றீர்கள்.

அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மண்பானையில் சொம்பை முக்கி, காலியாக இருந்த தொட்டி நிரம்புகிறவரை ஒவ்வொரு சொம்பாக, சிந்தாமல் ஊற்றினாள். நாலு மீன்களையும் அதில் விட்டோம். அன்று மத்தியானம் அவள் சாப்பிட வரவே இல்லை. தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலையிலும் நாலும் இருந்தன. மூன்றாம் நாளும் இருந்தன. நாலாம் நாள் தெருவில் போன குயவரைக் கூப்பிட்டு அவளே ஒரு புதுப்பானை வாங்கினாள். "இது மீனுக்கு. இதுல யாரும் கை வைக்கப்படாது" என்று அப்பாவிடம் உத்தரவு போட்டாள்.

அடுத்த மாதம் ஒருநாள் நான் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போதே வாசலில் நின்றிருந்தாள். "பொறந்துடுத்துடி. பதினொண்ணு. அந்த அம்மாக்காரி ஒண்ணைத் தின்னுட்டா. மீதியைப் பாசிக்குள்ள ஒதுக்கிவிட்டிருக்கேன்" என்றாள். நான் உங்களிடம் வந்து சொன்னபோது நீங்கள் நோட்டுப் புத்தகங்களைக் கீழே வைத்துவிட்டு, "அம்மாவே பாத்துக்கிட்டாங்களா?" என்று இரண்டு தடவை கேட்டீர்கள். உங்கள் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்த விஜயதசமிக்கு உங்கள் பெண்ணுக்கு எழுத்தறிவிக்க என்னைக் கூப்பிட்டீர்கள். சும்மா வந்து பார்க்கத்தான் என்று நினைத்து வந்தேன். தட்டில் அரிசியைப் பரப்பி, குழந்தையை என் மடியில் உட்காரவைத்தீர்கள். உங்கள் மாமியார் உங்களை அடுக்களைப் பக்கம் இழுத்துப்போய்ப் பேசியது எனக்குக் கேட்டது. "நல்ல நாளும் அதுவுமா அவங்களையா கூப்பிடுவ? ஊர்ல வேற ஆளே இல்லையா?"

நீங்கள் குரலை உயர்த்தவில்லை. "தமிழ் எழுதக் கத்துக்குடுக்கத் தமிழ் டீச்சரைத்தாங்க கூப்பிடணும். இவ முதல் எழுத்து அவங்க கையாலதான்" என்றீர்கள்.

குழந்தையின் விரலைப் பிடித்து 'அ' எழுதினேன். சுழியில் அரிசி குவிந்து எழுத்து கோணலாக வந்தது. அவள் அதைக் கலைத்துவிட்டு, தானாகவே இன்னொன்று எழுதினாள்.

இரண்டு வருஷத்தில் உங்கள் வீட்டுக்காரருக்கு மாற்றலாகி நீங்கள் கிளம்பினீர்கள். ரயிலடியில் நாம் அதிகம் பேசவில்லை. "தண்ணியை ஒரேயடியா மாத்தாதீங்க, கால் பங்குதான்" என்று ஜன்னல் வழியாகச் சொன்னீர்கள். தொட்டி இன்னும் ஐந்து வருஷம் இருந்தது. பிறகு சட்டம் துருப்பிடித்து ஒழுக ஆரம்பித்தது. மிச்சமிருந்த மீன்களைப் பள்ளிக்கூடத்துக் கிணற்றில் விட்டேன். அத்தை அதற்கு முன்பே போய்விட்டாள். தன் கடைசி ஆடி மாதத்தில் கொல்லையில் அவள் நட்ட துளசி இன்றைக்கும் காடாக மண்டிக் கிடக்கிறது. அதை நட அவள் யாரையும் கூப்பிடவில்லை.

உங்களுக்கு உடம்பு முடியாமல் இருந்ததை எனக்கு எழுதாமல் இருந்துவிட்டீர்கள். அதில் எனக்குக் கோபம் உண்டு. வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் கஞ்சி கொடுத்திருப்பேன். இப்போது அதற்குப் பயப்பட்டிருக்க மாட்டேன்.

போன வெள்ளிக்கிழமை எதிராத்துப் பெண் தன் ஆறு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "முதல் அன்னம் நீங்க ஊட்டுங்கோ மாமி" என்றாள். சாதத்தைக் குழைத்து, நெய் விட்டு, ஒரு பருக்கையை நாக்கில் வைத்தேன். குழந்தை முகத்தைச் சுளித்தது. பிறகு சப்புக்கொட்டி வாயைத் திறந்தது. இன்னொன்று கொடுத்தேன். அவர்கள் போன பிறகு கிண்ணத்தைக் கழுவும்போதுதான் உறைத்தது. அந்தப் பெண் கேட்டதிலிருந்து குழந்தை வாய் துடைத்தது வரைக்கும், என் கையைப் பற்றி ஒரு தடவைகூட நான் நினைக்கவே இல்லை.