ஒன்பது கிலோமீட்டர் குறைவு

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நலம் என்று எழுத இன்று கை வரவில்லை. மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. காய்ச்சல் எதுவும் இல்லை, பயப்படாதே.

எங்கள் பட்டறையில் வெல்டர் அண்ணன் ஒருவர் இருக்கிறார். நான் ஊருக்கு வரும்போது இறங்கும் அதே விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து ஒரு பகல் முழுக்கப் பஸ்ஸில் போகவேண்டிய மலைக் கிராமத்துக்காரர். போன வாரம் அவர் அம்மா இறந்துபோனார். வருட விடுப்பு ஏற்கெனவே தீர்ந்திருந்தது. பெற்றோர் இறந்தால் கொடுக்கும் விடுப்புக்கு இங்கே ஒரு விதி வைத்திருக்கிறார்கள். இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே பறக்கும் தூரம் மூவாயிரம் கிலோமீட்டர் இருந்தால் பத்து நாள். குறைந்தால் நான்கே நாள். தூரத்தைப் பார்த்துப் படிவத்தில் எழுதுவது குமாஸ்தாவான என் வேலை.

கணினியில் தட்டிப் பார்த்தேன். 2,991.

அண்ணனை நிற்க வைத்துவிட்டு மேனேஜர் கார் சாவியால் காது குடைந்துகொண்டிருந்தான். "பஸ்லயே ஒரு நாள் போயிடுது சார். அப்பா தனியா இருக்காரு" என்று அவர் கெஞ்சினார். "பிளேன் பறக்கிற தூரம்தான் கணக்கு. இறங்கினப்புறம் நீ தவழ்ந்து போனா எனக்கென்ன?" என்றான். சாவி நுனியில் வந்த அழுக்கை விண்ணப்பத்தின் ஓரத்திலேயே துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான். அந்தக் காகிதத்தை இந்தக் கையால்தான் கோப்பில் வைத்தேன்.

அவனைத் திட்டத்தான் எழுத உட்கார்ந்தேன், அக்கா. ஆனால் எனக்குக் குமட்டுவது என்னை நினைத்து. மூவாயிரத்து ஒன்று என்று எழுதியிருந்தால் எவன் வானத்தில் நூல் பிடித்து அளக்கப்போகிறான்? எழுதத்தான் போனேன். வேலை போய்விடுமோ என்று பயந்துவிட்டேன். உள்ளதை உள்ளபடி எழுதினேன். நேர்மையாம்! தூ.

அவர் இரண்டாம் நாள் மாலை போய்ச் சேர்ந்தார். அதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. மறுநாள் விடிந்ததும் திரும்பப் பஸ். "ரெண்டு நாள் இருந்துட்டுப் போகக் கூடாதாப்பா" என்று அவர் அப்பா கையைப் பிடித்துக்கொண்டாராம். விரல் விரலாகப் பிரித்துவிட்டு வந்தேன் என்றார்.

வந்ததும் நேராக என் மேசைக்குத்தான் வந்தார். அறைவார் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "நீங்க என்ன தம்பி பண்ணுவீங்க, இருக்கிறதத்தானே எழுத முடியும்" என்று தோளைத் தட்டினார். மூவாயிரத்து ஒன்று என்று எழுதப் போய்ப் பின்வாங்கியதை அவரிடம் மறைத்துவிட்டேன்.

ஒன்று கேட்கிறேன். அம்மாவுக்குச் சின்னச் சளி என்றாலும், "அவன் எதுக்கு அங்க கெடந்து தவிக்கணும்" என்று மறைக்காதே. உடனே எழுது. எனக்கு வருட விடுப்பு இருபது நாள் இருக்கிறது. உயிரோடு இருப்பவர்களைப் பார்க்கப் போனால் யாரும் தூரம் கேட்பதில்லை.

அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்ட வேண்டாம். அவளைப் பார்த்துக்கொள். நான் வரும்வரை பார்த்துக்கொள், அக்கா.

உன் தம்பி