நீட்டிய தாள்

நண்பா,

நீ போனை எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

அன்று ஆம்புலன்சிலிருந்து இறங்கி நான் உள்ளே வந்தபோது, தறிக்குப் பக்கத்தில் கிடந்த உன் அம்மாவுக்கு மூச்சு நின்றிருந்தது. "மூச்சு நின்னா நெஞ்ச அமுக்க வேணாம்னு அம்மாவே எழுதி வச்சிருக்குதுடா, டாக்டர் கையெழுத்தும் இருக்குது" என்று தாளை நீட்டினாய். நான் வாங்கவில்லை. போனில் மேலதிகாரி, "பேப்பர் பாக்குறது உன் வேல இல்லப்பா, அமுக்கு" என்றார். விலா எலும்பு முறிய அமுக்கினேன்.

உயிர் வந்தது. அலுவலகத்தில் கை தட்டினார்கள். புற்றுநோய் தின்ற அந்த உடம்பு மருத்துவமனையில் குழாய்களோடு பத்தொன்பது நாள் கிடந்த பிறகுதான் அடங்கியது. கண் விழித்தபோதெல்லாம் அம்மா அழுதார் என்று உன் தங்கை சொன்னாள்.

போன வாரம் தாமல் கிராமத்தில் ஒரு பெரியவருக்கு மூச்சு அடங்கிக்கொண்டிருந்தது. அவர் மனைவியும் அப்படியொரு தாளை நீட்டினார். இந்த முறை வாங்கிப் படித்தேன். நெஞ்சை அமுக்காமல், பெரியவர் உயிர் போகும்வரை அவர் மனைவியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அதற்காக என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். அதில் வருத்தமும் இல்லை.

முன்பின் தெரியாத ஒருவருக்கு இதைச் செய்ய முடிந்தது. எனக்குச் சோறு போட்டவருக்குச் செய்யவில்லை. நீ மன்னிக்க வேண்டாம்.

தன்னுடைய இன்னொரு பிள்ளை என்று உன் அம்மா சொன்னவன்