தொலைநோக்கியின் போல்ட்டும் என் மேசைக் காலும்

அப்பா,

சாவி வழக்கமான இடத்தில். சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

தங்கச்சி வாங்கிய பழைய தொலைநோக்கிக்கு போல்ட் தேடி இன்றைக்கும் கடை கடையாக அலைய வேண்டாம். அது பத்து மில்லிமீட்டர் என்று நீங்களும் அவளுமாக முடிவுகட்டியதுதான் தப்பு. ஸ்டாண்டில் போல்ட் ஏறும் திருகு மரையை நேற்று எங்கள் ஒர்க்‌ஷாப்பில் அளந்தேன். அது அங்குலக் கணக்கு. அதனால்தான் வாங்கிவந்ததெல்லாம் பாதிச் சுற்றிலேயே முரண்டு பிடித்தது. சரியான போல்ட் டிவி மேல் டப்பாவில் இருக்கிறது. கையாலேயே ஏறும், ஸ்பானர் போட்டு முறுக்காதீர்கள்.

எனக்கு வயிறு எரிகிறது. மறைக்கவில்லை. நான் இன்ஜினியரிங் படித்த நாலு வருஷமும் என் மேசைக் கால் ஆடிக்கொண்டேதான் இருந்தது. "பொறுத்துக்கம்மா, பார்க்கலாம்"னு சொன்னீர்கள். அட்டையை மடித்து முட்டுக்கொடுத்துப் படித்தேன். "எங்க வீட்ல முதல் டிகிரி"ன்னு தெருவெல்லாம் சொல்லத் தெரிந்தது, குனிந்து அந்தக் காலைப் பார்க்கத் தெரியவில்லை. உங்கள் செல்லத்துக்கு என்றால் மட்டும் பத்து நாளில் பதினோரு கடை!

கோபத்தோடுதான் வேலைக்குப் போகிறேன். போன் பண்ணாதீர்கள்.

மறந்துவிட்டேன்: டப்பாவில் குட்டையாக இன்னொரு போல்ட் இருக்கும். அது என் மேசைக்கு. எனக்கே மாட்டத் தெரியும். ஆனாலும் நீங்கள்தான் மாட்ட வேண்டும். முதலில் அதை.