அண்ணன் தலையில் எழுந்த அலை

நல்லவாடு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் விமலுக்கு, உன் சித்தப்பா சிங்காரவேலு எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், உன் அப்பாவும் சுகம், மஸ்கட்டில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு அப்படியே இருக்கவேண்டும். இதுவரை எழுதியதில் பொய் இல்லை. இனி எழுதப்போவதை ஈரேழு உலகத்திலும் ஒருவன் நம்பமாட்டான் என்று கடலம்மா மேல் சத்தியம் செய்கிறேன்.

அப்பாவுக்கு ஃப்ளூ ஜுரம் நெஞ்சில் இறங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்ததை போனில் சொன்னேன். நீ பதறுவாய் என்று சொல்லாமல் விட்டது, மூன்றாம் நாள் அவர் உன் அம்மாவைப் பார்த்து இன்ஜினை நிறுத்துடா என்றதும், அப்புறம் கண்ணைத் திறந்தபடியே யாருக்கும் பதில் சொல்லாமல் கிடந்ததும். ஜுரம் மூளையைத் தொட்டதா என்று தலையில் ஒயர் ஒட்டிப் படம் எடுக்கவேண்டும் என்றார் டாக்டர். படம் என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், அண்ணி அரைப்படி தேங்காய் எண்ணெயை அவர் தலையில் தேய்த்து, சூடும் தணியும், போட்டோவிலும் லட்சணமாக இருப்பார் என்று வகிடெடுத்து வாரிவிட்டார். ஒயர் ஒட்ட வந்த சகாயராணி, இன்னாம்மா இது, மண்டையா வடைச்சட்டியா, எப்டி ஒட்டும் என்றாள். நாற்பது ஷாம்பு பாக்கெட் போட்டுத் தேய்த்தேன், நுரை தவளக்குப்பம் ஜங்ஷன் வரை போய் கடலூர் பஸ்ஸெல்லாம் நின்றுவிட்டது.

பிறகு முந்நூறு ஒயர், ஊர்வலத் தேர் மாதிரி அண்ணன். திரையில் கோடுகள் காற்றில்லாத கடல்போலச் சோம்பி ஓடின. நான் சும்மா இருப்பேனா, காதில் குனிந்து, அண்ணே உன் ஃபைபர் போட்டை வித்துட்டேன் என்று ஒரு புளுகு விட்டேன். உடனே அலை கூரையைத் தொட்டது, நர்சுகள் ஸ்டூல் மேல் ஏறினார்கள். சகாயராணி திரும்பாமலே, அது மூள இல்லிங்க, யாரோ கட்டில ஆட்டுறாங்க, கைய எடுங்க என்றாள். பூகம்பம்மா, பாகூர் வரைக்கும் அடிக்குது என்று சமாளித்தேன்.

அலை கொஞ்சம் மெதுவாக ஓடுகிறது, ஜுர மயக்கம்தான், தெளிந்துவிடுவார் என்றார் டாக்டர். அதற்கு இரண்டாம் நாள் காலை அண்ணன் என் பக்கம் திரும்பிக் கேட்ட முதல் வார்த்தை, எவன்டா என் போட்ட வித்தது. இப்போது சங்கரா மீன் குழம்போடு என்னையும் சேர்த்துத் தின்கிறார்.

நீ ஜுரம் வந்தால் அசட்டையாகப் படுக்காதே. வெள்ளிக்கிழமை போன் பண்ணி அப்பாவிடம் நிதானமாகப் பேசு. நூறு வயசு நல்லா இரு.

ஒன்று மட்டும். பூகம்பம் எதுவும் இல்லை. அழக்கூடாது என்று கட்டிலைப் பிடித்தேன், கை கேட்காமல் கட்டிலை ஆட்டிவிட்டது. அந்த ஒரு அலை நிஜம், ஆனால் என்னுடையது, அண்ணியிடம் சொல்லாதே.

உன் சித்தப்பா,
சிங்காரவேலு