முதல் சர்வீஸுக்கு முன் காரை மீட்டுத் தருக

அனுப்புநர்:
காரின் உரிமையாளர்,
தர ஆய்வாளர், தண்ணீர் பம்பு தொழிற்சாலை,
கதவு எண் 23, மூன்றாவது குறுக்குத் தெரு.

பெறுநர்:
உயர்திரு காவல் ஆய்வாளர் அவர்கள்,
சரகக் காவல் நிலையம்.

பொருள்: புதிய காரை அனுமதியின்றி அதிவேகமாக ஓட்டிச் சேதப்படுத்திய மைத்துனன் மீதும், சாவியைத் தர மறுக்கும் மனைவி மீதும் நடவடிக்கை எடுத்து, வரும் வியாழக்கிழமைக்குள் காரை மீட்டுத் தரக் கோருதல் - தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

நடந்ததை நடந்தபடி, கூட்டாமலும் குறைக்காமலும் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன்.

1. பத்தொன்பது ஆண்டுகளாக நான் தர ஆய்வாளர். என் கையெழுத்து இல்லாமல் ஒரு பம்புகூட எங்கள் தொழிற்சாலை வாசலைத் தாண்டாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை; கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு வேலை பார்க்கிறவன் நான் என்பது தங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். இரண்டரை மாதத்திற்கு முன் வெள்ளை நிறக் கார் ஒன்று வாங்கினேன். என் பரம்பரையில் முதல் கார்.

2. கார் வருவதற்கு முன்பே அதற்கான ஏற்பாடுகளைச் செய்துவிட்டேன். வாசல் படி இரண்டையும் இடித்துச் சரிவாக்கினேன். போர்ட்டிகோ தரையில் வழவழப்பான ஓடு பதித்தேன். என் மகளின் சைக்கிளை மொட்டைமாடிக்கு ஏற்றினேன். ஓட்டுநர் கையேட்டை மூன்று முறை படித்து, முக்கியமான இடங்களில் அடிக்கோடிட்டேன். வெள்ளைத் துணி காரின் உடம்புக்கு, மஞ்சள் துணி கண்ணாடிக்கு, சிவப்புத் துணி சக்கரத்துக்கு என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி ஆணி அடித்து மாட்டினேன். வீட்டாருக்குப் பதினோரு விதிகள் எழுதிக் கதவில் ஒட்டினேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுவது, உள்ளே எதுவும் தின்னாதிருப்பது, சீட்டின் பிளாஸ்டிக் உறையை ஆறு மாதம் கிழிக்காதிருப்பது ஆகியவை அவற்றுள் அடங்கும். இவற்றில் எது தவறு என்று இன்றுவரை எவரும் எனக்கு எடுத்துச் சொன்னதில்லை.

3. மிக முக்கியமான விதி, கையேட்டின் பதினேழாம் பக்கத்தில் உள்ளது. முதல் ஆயிரம் கிலோமீட்டர் வரை என்ஜினை விரட்டக் கூடாது. அறுபதைத் தாண்ட வேண்டாம் என்று விற்பனையாளரும் சொன்னார். நான் ஐம்பதோடு நிறுத்திக்கொண்டேன். பின்னால் வருகிற லாரிக்காரன் திட்டுவான், சைக்கிள்காரன் முந்திக்கொண்டு திரும்பிப் பார்த்துச் சிரிப்பான். சிரிக்கட்டும். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

4. கார் வந்த பதினெட்டாம் நாள் சம்பவம் நடந்தது. சனிக்கிழமை, பிற்பகல் மூன்றரை மணி. சக்கரம் கழுவி முடித்து, காருக்கு முதல் முறையாகப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன். சக்கரம் கழுவும் திரவத்தின் கேனில் மூடி கசிந்ததால், அதைக் காலியான குளிர்பான பாட்டில் ஒன்றில் ஊற்றி, வாசலோரச் செருப்பு அலமாரியில் வைத்திருந்தேன். சும்மா வைக்கவில்லை. 'சக்கரத்துக்கு மட்டும்' என்று கொட்டை எழுத்தில் சீட்டு எழுதி ஒட்டியே வைத்தேன். சீட்டின் புகைப்படம் இணைக்கப்பட்டுள்ளது.

5. அப்போது இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் பள்ளி விளையாட்டுப் போட்டி முடிந்து வந்தாள். போர்ட்டிகோவில் கார் நின்றால் சுவருக்கும் காருக்கும் நடுவே ஒன்றரை அடிதான் இடைவெளி. அந்த வழியாகத்தான் வீட்டுக்குள் போக வேண்டும். முதுகில் பை, கையில் ஓட்டப்பந்தயத்துக்குக் கொடுத்த தகரக் கோப்பை. ஈரப் பாலிஷில் உரசினால் என் மூன்று மணி நேர உழைப்பு மண்ணாகிவிடும். எனவே, "அங்கயே நில்லு பாப்பா, காயட்டும்" என்றேன். "தாகமா இருக்குப்பா" என்றாள். "பத்து நிமிஷத்துல ஒண்ணும் ஆயிடாது" என்றேன். இதை நான் மறைக்கவில்லை. வெயிலில் நிற்க வைத்தேன் என்று என் மனைவி சொல்வது பொய். அலமாரிப் பக்கம் நிழல் இருந்தது.

6. நான் காரின் மறுபக்கம் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அவள் அந்த பாட்டிலை எடுத்துக் குடித்துவிட்டாள். சீட்டைப் படிக்கவில்லை. தமிழில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வாங்கும் பிள்ளை அவள் என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். கோப்பை விழுந்த சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். கதவில் சின்னதாய் ஒரு கீறல்.

7. அலறல் கேட்டு என் மனைவியும், அன்று விருந்தாளியாக வந்து அடுப்படியில் உட்கார்ந்திருந்த அவள் தம்பியும் ஓடி வந்தார்கள். இந்த மைத்துனன் பள்ளி வேன் ஓட்டுகிறவன். ஒன்றரை அடி இடைவெளியில் இருவரும் பாய்ந்து வந்ததில் ஒரு பக்கத்துப் பாலிஷ் முழுவதும் போயிற்று. அதற்கு நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். மருத்துவமனை பத்தொன்பது கிலோமீட்டர். ஆம்புலன்ஸ் வர அரை மணி நேரம் ஆகும் என்றார்கள். நானே காரை எடுத்தேன். என் குழந்தைக்கு நான் எடுக்காமல் வேறு யார் எடுப்பார்கள்? பின் சீட்டில் தார்ப்பாய் விரிக்க மட்டும் இரண்டு நிமிடம் ஆனது. அந்த இரண்டு நிமிடத்தை நான்கு நிமிடம் என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

8. வண்டியை ஐம்பதில் செலுத்தினேன். என் மனைவி பின்னாலிருந்து என் தோளில் அடித்தாள். மைத்துனன், "மாமா, மிதிங்க மாமா! புள்ள வாயெல்லாம் நுரை தள்ளுது, மிதிங்க!" என்று கத்தினான். பதறாத காரியம் சிதறாது என்று அவனிடம் அமைதியாகச் சொன்னேன். அப்போது ஓடியிருந்தது 412 கிலோமீட்டர் மட்டுமே. ஒரு நாள் விரட்டினாலும் என்ஜின் அதை ஆயுசுக்கும் மறக்காது. குழந்தை வாந்தி எடுக்க முற்பட்டபோதெல்லாம் ஓரமாக நிறுத்தி, நானே இறங்கிக் கதவைத் திறந்து, அவள் தலையை வெளியே பிடித்துக்கொண்டேன். இப்படி இரண்டு முறை நிறுத்தினேன். எந்தத் தகப்பன் இவ்வளவு செய்வான்?

9. இரண்டாம் முறை நான் வெளியே நின்று காரின் கதவு விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மைத்துனன் பக்கத்து சீட்டிலிருந்து ஓட்டுநர் சீட்டுக்குத் தாவினான். என் மனைவி உள்ளிருந்து கதவை இழுத்துச் சாத்தினாள். நான் கையில் துணியோடு நடுரோட்டில் நிற்க, என் கார் என் கண் முன்னாலேயே பறந்தது. எரிகிற வீட்டில் பிடுங்கின வரை லாபம் என்பது இதுதான். சக்கரம் கிறீச்சிட்ட சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. காரின் திரையில் அன்று பதிவான அதிகபட்ச வேகம் 118. குரங்கு கைப் பூமாலைக்குக்கூட இவ்வளவு கேடு வந்திருக்காது, ஐயா.

10. ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போனேன். கார் அவசரப் பிரிவு வாசலில் குறுக்கே நின்றது. நான்கு கதவும் திறந்து கிடந்தன, என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. தார்ப்பாய் ஒரு மூலையில் சுருண்டு கிடக்க, சீட்டின் பிளாஸ்டிக் உறை கிழிந்து, வாந்தியும் ரத்தமும் துணி வரை ஊறியிருந்தன. ஆற அமர என்ஜின் சத்தத்தைக் கேட்டுப் பார்த்து, அணைத்து, பதினான்கு புகைப்படங்கள் எடுத்து, காரை முறையான இடத்தில் நிறுத்திவிட்டு உள்ளே சென்றேன். "இன்னும் பத்து நிமிஷம் லேட்டாயிருந்தா புள்ள உங்களுக்கு இல்ல சார்" என்று மருத்துவர் சொன்னார். மைத்துனனுக்குச் சாதகமாக இது அடிக்கடி எடுத்துக் காட்டப்படுகிறது. ஆனால், என் வேகத்திலேயே போயிருந்தால் ஒன்பது நிமிடம்தான் தாமதமாகியிருக்கும் என்பதை நான் கணக்கிட்டு வைத்திருக்கிறேன். ஒரு நிமிடம் மிச்சம்.

11. குழந்தை பிழைத்துக்கொண்டாள். தொண்டையும் உணவுக்குழாயும் வெந்துவிட்டதால் வயிற்றில் போட்ட குழாய் வழியே ஆகாரம் போகிறது. இப்போதைக்குப் பேச்சு இல்லை. பத்து நாளுக்கு ஒரு முறை, 64 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெரிய மருத்துவமனையில் உணவுக்குழாயை விரித்துவிடுகிறார்கள். ஒரு தவணை தப்பினாலும் குழாய் மறுபடி ஒட்டிக்கொள்ளும், பிறகு வயிற்றுக் குழாய்தான் நிரந்தரம் என்கிறார்கள். மருத்துவர்கள் பயமுறுத்துவது உலகறிந்த விஷயம்.

12. என் மனைவி குழந்தையோடும் என் காரோடும் அடுத்த தெருவில் உள்ள தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். வீட்டு ஆணியில் நான் மாட்டியிருந்த சாவி இப்போது அவள் இடுப்பில். கேட்கப் போனபோது, "நீங்க காருக்கே அப்பாவா இருங்க. எங்கள விட்டுடுங்க" என்றாள். கார் என்னுடையது என்று அவளே தெருவறிய ஒப்புக்கொண்டதற்கு இது சான்று. கார் அங்கே உறையில்லாமல் திறந்த வெளியில் நிற்கிறது. காக்கை எச்சம் பட்ட இடத்தில் வண்ணம் மங்கத் தொடங்கிவிட்டது. நான் தினமும் வேலைக்குப் போகும் வழியில் நின்று பார்த்துவிட்டுப் போகிறேன். பெற்ற வயிறு என்பார்கள். வாங்கியவனுக்கும் வயிறு உண்டு, ஐயா.

13. இதுவரை நான்கு முறை மைத்துனன் அந்தக் காரில் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போய் வந்திருக்கிறான். போக வர 128 கிலோமீட்டர் வீதம் கணக்கிட்டால், இன்று காரில் ஓடியிருப்பது 962. வரும் வியாழக்கிழமை ஐந்தாம் தவணை. போகும் வழியிலேயே கார் ஆயிரத்தைத் தாண்டிவிடும். முதல் சர்வீஸ் செய்யாமல் ஆயிரத்தைத் தாண்டினால் என்ஜினுக்கான உத்தரவாதம் செல்லாது. சர்வீஸ் நிலையத்தில் கெஞ்சிக் கூத்தாடி நான் வாங்கியிருக்கும் நாளும் அதே வியாழக்கிழமைதான். அதை விட்டால் மூன்று வாரம் இடம் இல்லை.

14. சென்ற வாரம் திங்கட்கிழமை இது குறித்துத் தங்கள் நிலையத்தில் நேரில் முறையிட்டேன். எழுத்தர் என் மனுவை முழுவதும் படித்துவிட்டு, "பாப்பா இப்ப எப்படி சார் இருக்கு?" என்று கேட்டார். காரைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மனுவை மடித்து என் கையிலேயே கொடுத்து, "வீட்டுக்குப் போங்க சார்" என்றார். அரசு ஊழியர் ஒருவரின் இத்தகைய அலட்சியத்தையும் தாங்கள் விசாரிக்க வேண்டும்.

15. குழந்தையின் சிகிச்சைக்கு நான் தடையாக இருப்பதாக மனைவி தரப்பில் சொல்லப்படலாம். அபாண்டம். 64 கிலோமீட்டருக்கு அரை மணிக்கு ஒரு பேருந்து ஓடுகிறது. வயிற்றில் குழாய் இருப்பதால் கூட்டத்திலும் தூசியிலும் கொண்டுவரக் கூடாது என்று மருத்துவர் சீட்டு எழுதித் தந்திருக்கிறாராம். தூசி யாருக்குத்தான் நல்லது? என் கார் இரண்டு மாதமாகத் தூசியில்தான் நிற்கிறது.

16. மேலும், இந்த வழக்கில் முக்கியமான சான்று நேற்று என் கைக்கு வந்தது. மைத்துனன் வீட்டு வாசலில் நின்று காரின் முன்கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமைக்குள் கார் வராவிட்டால் போலீசோடு வருவேன் என்று என் மனைவிக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். குழந்தை வெளியே வந்தாள். மிகவும் மெலிந்திருக்கிறாள். நோட்டுத் தாள் ஒன்றை நான்காக மடித்து என் சட்டைப் பையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வீட்டுக்கு வந்து பிரித்துப் படித்தேன். அதில் உள்ளபடி:

"அப்பா, சீட்ல வாந்தி எடுத்தது நான்தான். கதவுல கோடு போட்டதும் நான்தான். மாமாவ போலீஸ்ல பிடிச்சுக் குடுக்காதீங்க. நீங்க கார எடுத்துக்கோங்க. நான் பஸ்ல போறேன். எனக்குப் பஸ் பிடிக்கும்."

17. கார் இருக்கையும் கதவும் சேதமானதற்கு எழுத்துபூர்வமான ஒப்புதல் இதில் உள்ளது. பேருந்தில் செல்லச் சம்மதமும் உள்ளது. சம்பந்தப்பட்டவரே சம்மதித்த பிறகு மற்றவர்கள் குறுக்கே நிற்க முகாந்திரம் இல்லை.

எனவே ஐயா அவர்கள், புதன்கிழமை மாலைக்குள் சாவியையும் காரையும் என்னிடம் ஒப்படைக்கவும், மைத்துனனின் ஓட்டுநர் உரிமத்தின் மீது நடவடிக்கைக்குப் பரிந்துரைக்கவும் ஆவன செய்யும்படி இருகரம் கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு சர்வீஸ் நிலையத்தில் கார் நிற்க வேண்டும். அதற்கு மேல் எனக்கு எந்த ஆசையும் இல்லை.

நாள்: 17, செவ்வாய்க்கிழமை
இடம்: மேற்கண்ட முகவரி

இப்படிக்கு,
தங்கள் நீதியை நம்பியிருக்கும்
காரின் உரிமையாளர்
(ஒப்பம்)

இணைப்பு:
காரின் பதிவுச் சான்று, நகல்.
ஓட்டுநர் கையேடு, பக்கம் 17, நகல்.
கார் இருக்கை, கதவு ஆகியவற்றின் சேதத்தைக் காட்டும் புகைப்படங்கள், 14.
பாட்டிலில் ஒட்டிய சீட்டின் புகைப்படம், 1.
குழந்தையின் கையெழுத்தில் உள்ள நோட்டுத் தாள், அசல், 1. விசாரணை முடிந்தபின் இதைத் திருப்பித் தர வேண்டியதில்லை.