பாதிப் பனங்கட்டியும் ஒரு குளிசையும்

அன்புள்ள அப்பாவுக்கு,

கால் உளையுதெண்டு கொழுப்புக் குளிசையை நிப்பாட்டினியள். டொக்டர் அளவைக் குறைச்சுத் திரும்பத் தொடங்கச் சொல்லியும் தொடுறியள் இல்லை. உங்கட இதயம் நெடுங்கேணி பஸ் இல்லை, நிண்டால் தள்ளி ஸ்ரார்ட் பண்ண.

அதாலதான் திங்கட்கிழமை, அம்மா உயிரோடை இருக்கேக்க முன்பல் இல்லாத வாயால செய்தமாதிரி, பனங்கட்டியைப் பாதி கடிச்சு, மீதியைக் குளிசையோடை உங்கட தேத்தண்ணிக்குப் பக்கத்தில வைச்சன். "உன்ரை பகிடியை நிப்பாட்டடா" எண்டு குளிசையை எறிஞ்சியள்.

செவ்வாய்க்கிழமையில இருந்து வைக்கிறது நானில்லை அப்பா. கடிச்ச இடத்தைப் பாருங்கோ. அது முன்பல் இல்லாத வாய். எனக்கு எல்லாப் பல்லும் இருக்கு.

இண்டைக்காவது விழுங்குங்கோ. அம்மான்ரை படத்துக்குப் பக்கத்தில இன்னொரு ஆணி அடிக்க என்னால ஏலாது.

இந்த ஒருக்கா மட்டும் பகிடி விடாத,
உங்கட குரங்கு